வளவில் விழுந்த மழை எங்கே போகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்பக்கமாகத்தான் இறங்குகிறது, அத்தனை தண்ணீரும் நடுவில் வந்து கொட்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் முதல் மழையைப் பார்த்ததும் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அயித்தை தடுத்துவிட்டார். "ஓடு கழுவிக்கிடட்டும் ஆத்தா, இது தூசித் தண்ணி" என்றார். இரண்டாவது மழைக்கும் விடவில்லை. மூன்றாவது மழைக்குத்தான் செப்புக் கிடாரத்தை இழுத்துவந்து, ஓட்டு விளிம்பில் மாட்டியிருந்த தகர வாய்க்கால் முடிகிற மூலையில் வைத்து, வெளுத்த வேட்டித் துணியை நாலாக மடித்து அதன் வாயில் கட்டினார். அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகும், காப்பியும் அதில்தான். கிணற்றுத் தண்ணீரில் அடம்பிடிக்கிற துவரம்பருப்பு அதில் சீக்கிரமே குழைந்துவிடும்.

அப்புறம் நாங்கள் சென்னைக்குப் போய்விட்டோம். 26 வருடம் கழித்து, வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் திரும்பி வந்தபோது தகர வாய்க்கால் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. கிடாரத்தைக் காணோம். 7 புள்ளிக்கு, அதாவது கல்யாணமான 7 குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு, யார் எப்போது எடுத்தார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளைத் தாண்டும்போதெல்லாம், தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிற கிடாரங்களில் எங்கள் வீட்டு எழுத்து வெட்டியிருக்கிறதா என்று இன்னமும் கண் தேடுகிறது. அந்த வருடம் நல்ல மழை. வளவில் விழுந்தது, தூம்பு வழியாகத் தெருவுக்குப் போனது, தெருவில் முழங்கால் அளவுக்கு நின்று கொசு பிடித்தது. சித்திரை பிறந்ததும் போர் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்தது. லாரித் தண்ணீர் வாங்கினோம். ஐப்பசியில் வாசல் வழியாக வெளியே விட்டதைச் சித்திரையில் காசு கொடுத்து அதே வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறோமே என்று, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடக் கணக்குதான், நீங்களும் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் தண்ணீர். சிவகங்கை மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் பெய்கிறது, ஆக 80,000 லிட்டருக்கு மேல். ஓட்டில் ஊறுவது, தெறிப்பது, முதல் மழைக்கு விடுவது எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 65,000 லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரிக்கு 5 லாரித் தண்ணீர். இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது இன்னொரு கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் எங்கள் இரண்டு பேருக்கு ஒரு வருடம் முழுக்க 3,650 லிட்டர் போதும்! ஒரே ஒரு 5,000 லிட்டர் தொட்டி இருந்தால் கேன் தண்ணீரே வேண்டாம்.

பங்காளிகளிடம் கேட்காமல் ஓட்டில் கைவைக்க முடியாது. சிங்கப்பூரில் இரண்டு பேர், மலேசியாவில் ஒருவர், கோயம்புத்தூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிறவர்களை வாட்ஸ்அப்பில் பிடித்துச் சம்மதம் வாங்கவே மூன்று மாதம் ஆனது. தகர வேலைக்கு ஒரு நாள்தான். மொத்தச் செலவு, அந்த வருடம் லாரித் தண்ணீருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. இறங்கு குழாயில் டி வடிவ இணைப்பு ஒன்று போட்டு, முதல் மழைத் தண்ணீர் தனியாக வெளியேறுகிற மாதிரி ஒரு வால்வு வைத்தோம். அயித்தை செய்ததைத்தான் குழாயில் செய்திருக்கிறோம். தொட்டி வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், மேலே வழிந்து போகிற குழாயின் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் பாசி பிடிக்கும், இல்லையென்றால் டெங்குக் கொசுவை நாமே வளர்த்தவர்களாவோம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கும் இதே வழிதான். 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினபோது எல்லா வீட்டிலும் ஒரு குழி வெட்டினோமே, அது இன்றைக்கு எப்படி இருக்கிறது? மூடியைத் திறந்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அப்படியே நின்றால் உள்ளே சேறு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜல்லியையும் மணலையும் அள்ளி, அலசி, திரும்பப் போட அரை நாள் போதும். புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள்.

சரி, தொட்டி நிறைந்த பிறகு வருகிற தண்ணீர் எங்கே போகிறது? ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தேன். செட்டிநாட்டு ஊர்களைக் கட்டினவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் கட்டவில்லை. வளவுத் தூம்பிலிருந்து தெரு வாய்க்கால், அங்கிருந்து ஊருணி, ஊருணி நிறைந்தால் கண்மாய் என்று தண்ணீருக்கு ஒரு பாதை இருந்தது. எங்கள் ஊருணிக்கு மூன்று பக்கம் செம்பிராங்கல் படிக்கட்டு. அதில் கால் நனைக்கக்கூடாது, ஆடு மாடு இறங்கக்கூடாது, சோப்புக்கு இடமே கிடையாது. என் வீட்டுக்காரர் சிறு பிள்ளையாக இருந்தபோது படியில் எச்சில் துப்பிய ஒரு பையனுக்கு ஊரே சேர்ந்து புத்தி சொன்னதாம். அந்த ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கள் வாசலைத் தாண்டவே இல்லை. கார் ஏறுவதற்காக வாய்க்காலுக்கு மேல் சிமெண்டைக் கொட்டிச் சாய்தளம் போட்டிருந்தோம், அதற்கு அடியில் தண்ணீர் போக வழியே இல்லை. போட்டது நாங்கள்தான், ஊருக்குத் திரும்பி வந்த வருடம். எங்கள் தெருவில் 22 வீடு, அதில் 14 வீட்டு வாசலில் இதே சாய்தளம். தெருவில் தண்ணீர் நிற்கிறதே என்று நாங்கள் எல்லோரும்தான் புலம்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் எங்கள் சாய்தளத்தை இடித்தோம். அந்த இடத்தில் இரும்புக் கிராதி போட்டோம், அதன் மேல் கார் ஏறுகிறது, கீழே தண்ணீர் ஓடுகிறது, வேண்டும்போது தூக்கி உள்ளே சுத்தம் செய்யலாம். ஒரு மழைக்குப் பிறகு எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்தார், கொல்லர் நம்பர் கேட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் 9 வீட்டில் கிராதி வந்துவிட்டது, மீதிப் பேர் அடியில் குழாயாவது போட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். வாய்க்காலை ஊருணிக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால் அதில் எந்த வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சேர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். நாங்கள் பார்த்தபோது 5 வீடு இருந்தது. அவற்றுக்கு உறிஞ்சுகுழி வெட்டி முடிக்கும்வரை ஒரு மழைக்காலம் முழுக்கத் திறக்காமல் வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் கொல்லையில் கல்வாழைப் பாத்தி வழியாகப் போய் வாழைக்குப் பாய்கிறது.

அப்புறம் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நம்மில் எத்தனை பேர் அதற்குப் போகிறோம்? வாய்மொழியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், அதோடு சரி. எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஊருணி வரத்துக்காலைத் தூர்வார வேண்டும் என்று நாங்கள் 31 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், இரண்டாவது கிராமசபையில் தீர்மானமானது, நூறு நாள் வேலைப் பெண்கள் மூன்று வாரத்தில் வெட்டி முடித்தார்கள். கரையில் இருந்த சீமைக் கருவேலத்தையும் எடுத்தோம். அதை வெட்டினால் போதாது, வேரோடு போக வேண்டும், போன இடத்தில் உடனே வேறு மரம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழையில் திரும்ப முளைத்துவிடும். நாங்கள் பனங்கொட்டை போட்டோம், இரண்டு மருதம் வைத்தோம். ஆனால் ஊர் முழுக்க ஒரே நாளில் அழித்துவிடலாம் என்று கிளம்பினவர்களிடம் நான் சண்டை போட்டேன். அந்தக் கருவேலத்தை வைத்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. நீர்நிலையில் இருப்பதை முதலில் எடுப்போம், தரிசில் இருப்பதை அவர்களோடு பேசிக்கொண்டு மெதுவாகப் பார்ப்போம்.

வரத்துக்காலில் அள்ளியதில் மண்ணைவிட என்னைக் கலங்க வைத்தது பேப்பர் கப்புதான். மூட்டை மூட்டையாக வந்தது. பேப்பர் என்று பெயரே தவிர உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதனால்தான் மக்காமல் கிடந்தது. கூடவே கையடக்கத் தண்ணீர் பாட்டில்கள். எல்லாம் விசேஷ வீடுகளிலிருந்து வந்தவை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை போட்டு எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் மஞ்சப்பையையும் மீண்டும் கொண்டுவந்தார்கள். கடைக்குப் பை எடுத்துப் போகிற பழக்கம் எங்கள் ஊரில் ஓரளவு வந்துவிட்டது. விசேஷம் என்று வந்தால்தான் எல்லாம் காற்றில் போகிறது.

இந்த ஊரில் பாத்திரத்துக்கா பஞ்சம்? ஒவ்வொரு புள்ளியின் அறையிலும் சீராக வந்த சாமான் பரணில் ஏறி, இறங்காமலே இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு 60 சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், வந்தபோது 300 பேருக்கு மேல் வருவார்கள் என்று தெரியும், பாட்டில் தண்ணீர் வைக்கவே கூடாது என்று முடிவு பண்ணினேன். சாவி வைத்திருந்த பங்காளிகளிடம் கேட்டு நாலு அறையைத் திறந்தோம். செய்தித்தாளில் சுற்றிக் கட்டிய எவர்சில்வர் டம்ளர்கள் டஜன் டஜனாக வந்தன, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரின் முதலெழுத்துகள் வெட்டியிருந்தன. என் சின்ன மாமியாரின் டம்ளரில் அவருடைய கல்யாணத் தேதிகூட இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 380 டம்ளர், 12 பெரிய தவலை, தண்ணீர் செம்பு எத்தனை என்று இப்போது நினைவில்லை. பந்தியில் செம்பை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வரிசையாக அனுப்பினோம், கேட்டுக் கேட்டு ஊற்றினார்கள்.

கழுவுவது யார் என்பதுதான் இதில் பெரிய கேள்வி. வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு நாம் சுற்றுச்சூழலைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. இரண்டு பேருக்கு நல்ல கூலி பேசி, உட்கார்ந்து கழுவ நிழலும் இடமும் கொடுத்து, சாப்பாடும் கொடுத்தோம். பாட்டிலுக்கும் கப்புக்கும் ஆகியிருக்கிற செலவும் இந்தக் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இந்தக் காசு ஊருக்குள்ளேயே இருந்தது. விசேஷம் முடிந்து எண்ணிப் பார்த்தால் 3 டம்ளர்தான் குறைவு, எழுத்து வெட்டியிருந்ததால் யாருடையது என்றும் தெரிந்தது, புதிதாக வாங்கி அவர்களிடமே கொடுத்துவிட்டோம். திரும்பப் பரணில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. பங்காளிகளிடம் பேசி வெளி அறையில் ஒரு அலமாரி வைத்து, ஒரு நோட்டும் போட்டுவிட்டோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேள்வியே கிடையாது, வாடகையும் கிடையாது, தொலைத்தால் வாங்கிக் கொடுக்க வேண்டும். இதுவரை 17 விசேஷத்துக்குப் போய்வந்திருக்கிறது. கண்ணில் படுகிற மாதிரி அடுக்கி வைத்தால்தான் ஜனங்கள் கேட்கிறார்கள். பூட்டி வைத்து, வேண்டுமானால் சொல்லுங்கள் என்றால் யாரும் வருவதில்லை.

சமையலறைக் குப்பைக்கு மூன்று மண்பானை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஓட்டை போட்ட சாதாரணப் பானைகள்தான். முதல் மாதம் புழு நெளிந்தது, நாற்றம் தாங்கவில்லை, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஈரம் அதிகமானால் அப்படித்தான் ஆகும். ஒரு கை காய்கறித் தோல் போட்டால் இரண்டு கை காய்ந்த சருகு போட வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவை கிளறி, கொஞ்சம் புளித்த மோர் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டு மாதத்தில் காட்டு மண் வாசனையோடு கறுப்பாக உதிர்ந்தது. எங்கள் பக்கம் கோழியும் நண்டும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போகாது, அந்த எலும்பும் ஓடும் பானைக்கு வேண்டாம். தென்னைக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். சருகு தேவைப்பட ஆரம்பித்த பிறகுதான், தினமும் காலையில் தெருவைக் கூட்டி அதைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொளுத்துகிறோம் என்பதே எனக்கு உறைத்தது. அந்தப் புகையைத்தான் எதிர்த்த வீட்டுக் கைக்குழந்தையும் சுவாசிக்கிறது. இப்போது கூட்டுகிற அக்கா சருகை மட்டும் ஒரு சாக்கில் போட்டு எனக்குக் கொடுக்கிறார், நான் உரத்தில் பாதியை அவர் வீட்டுக் கத்தரிச் செடிக்குக் கொடுக்கிறேன்.

கரண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய வீட்டில் சுண்ணாம்புச் சுவரும் அடுக்கு ஓடும் இருக்கிற பக்கம் ஏசியே வேண்டாம். பின்கட்டில் புதிதாகப் போட்ட கான்கிரீட் அறைதான் அடுப்பு மாதிரி கொதித்தது, மொட்டை மாடியில் பங்குனிக்கு முன்னால் பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடித்ததும் ராத்திரி தூங்க முடிகிறது. பழைய மின்விசிறி 75 வாட், கரண்டைக் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்த புது பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவுதான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு விசிறியிலேயே 40 யூனிட் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசம் போக மீதிக்குத்தான் கட்டுகிறோம் என்பதால் பில்லில் பளிச்சென்று தெரிகிறது. சூரிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 வரை மானியம் கிடைக்கிறது. எங்கள் மின் இணைப்பு இன்னும் என் வீட்டுக்காரரின் ஐயா பெயரில் இருக்கிறது. பெயர் மாற்ற 7 புள்ளியும் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு வீட்டில் இருக்கிறவர்கள் இந்த வேலையை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், தகடு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஊர் சேர்ந்து ஒன்றைச் செய்ய முடியுமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் வேட்டங்குடிக்குத்தான் போய்வரச் சொல்வேன். திருப்பத்தூர்ப் பக்கம், காரைக்குடியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பிவிடலாம். 1977 முதல் பறவைகள் சரணாலயம் அது. கண்மாய்க் கரையில் இருக்கிற கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவைகள் மிரளும் என்பதற்காகவே பல பத்தாண்டுகளாக இந்தக் கட்டுப்பாடு. போன மார்கழியில் பேரனைக் கூட்டிப் போனேன். நத்தைகுத்தி நாரைகள் மரம் முழுக்க உட்கார்ந்து அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வெடி வெடிக்க ஆசை இருக்காதா ஆயா?" என்று கேட்டான். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "இருக்கும்யா. ஆனா அதுக நம்மள நம்பி வந்திருக்குல்ல" என்றார்.

இந்தக் கார்த்திகையில் எங்கள் ஊருணியில் 9 படி முங்கியது. இன்னும் குடிக்கிற தண்ணீர் ஆகவில்லை, அதற்கு மேலத் தெருவில் நாலு வீட்டு உறிஞ்சுகுழி பாக்கி இருக்கிறது. ஆனால் ஊருணிக்குப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சித்திரையில் எங்கள் தெருவுக்கு லாரி வரவில்லை. அடுத்த வாரம் அலமாரியிலிருந்து 200 டம்ளர் ஒரு வளைகாப்புக்குப் போகிறது, அதற்கு முன்னால் எண்ணி வைக்க வேண்டும். மேலத் தெரு ஆச்சி ஒருவர் நேற்றுச் சாயந்திரம் வந்து, தொட்டிக் குழாயில் என்ன வலை கட்டினாய், எங்கே வாங்கினாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.